முட்டி லீவர் முரண்டு பிடித்தால் உங்கள் காலைக் குறை சொல்லாதீர்கள்

பெடல் ஸ்டீல் கிட்டார் (கால்களின் மேல் படுக்கைவசமாக நிற்கும், பாதப் பெடல்களாலும் முட்டியால் தள்ளும் லீவர்களாலும் தந்திகளின் சுரத்தை மாற்றி வாசிக்கிற கிட்டார்) பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் கருவியைக் கொண்டுவரும்போது சொல்கிற குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, இடுப்பும் முட்டியும் வலிக்கிறது. இன்னொன்று, என்னதான் சுருதி சேர்த்தாலும் லீவரை விட்டதும் கலைந்துவிடுகிறது. கால் வாகும் காதும்தான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு வருகிறார்கள். கருவியின் அடியில் குனிந்து பார்த்தால் காரணம் அங்கே இருக்கும். சரியாக அமையாத லீவரோடு மல்லுக்கட்டிவிட்டு, இது நமக்கு வராது என்று கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் நாற்காலியைக் கவனியுங்கள். வாசிக்கும்போது போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். தொடை தரைக்கு இணையாக இருக்கட்டும். கருவி உயரமாக நின்றால் முட்டி லீவரின் நுனியில் மட்டும் படும். அழுத்த எளிது, ஆனால் நெடுந்தூரம் தள்ள வேண்டும். தாழ்வாக நின்றால் முட்டி லீவரின் கீலுக்குப் பக்கத்தில் போய் முட்டும். லீவர் கல் மாதிரி கனக்கும். லீவர் கடினமாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கு நான் ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. கருவியின் கால்களைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்தது இடைவெளி. இடது பாதம் ஏ, பி எனப்படும் இரண்டு பெடல்களின் மேல் இருக்கும்போது, இடது முட்டியின் இரு பக்கத்து லீவர்களும் முட்டியைத் தொடாமல், ஒரு விரல் தள்ளி நின்றால் போதும். முட்டி பக்கவாட்டில் மடங்குகிற மூட்டு அல்ல; தொடை இடுப்பிலிருந்து அசைந்துதான் லீவரைத் தள்ளுகிறது. தூரம் அதிகமானால் பாதம் பெடலை விட்டு நழுவும், இடுப்பு வலிக்கும். ஏ பெடலை மிதித்தபடியே முட்டியை இடது பக்கம் தள்ளிப் பாருங்கள். பாதம் நழுவினால் லீவர் இன்னும் நெருங்கி வரவேண்டும்.

ஏன் ஏ பெடலையும் அந்த லீவரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்கிறேன்? ஈ9 என்ற ட்யூனிங்கில் (தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும் முறை) 4, 8 ஆகிய இரண்டு ஈ தந்திகளையும் எஃப்-க்கு ஏற்றுகிற லீவரும் ஏ பெடலும் அடிக்கடி சேர்ந்து வேலை செய்கின்றன. எதையும் மிதிக்காமல் 3-வது ஃபிரெட்டில் கிடைக்கிற ஜி மேஜர், இந்த ஜோடியோடு 6-வதிலும், ஏ, பி பெடல்களோடு 10-வதிலும் கிடைக்கும். கழுத்து முழுக்க ஒரே கார்டை இப்படிப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆகவே ஆரம்பப் பாடத்துக்கு முதலில் சரியாக வேண்டியது இந்த லீவர்தான். அடுத்தது அதே ஈ தந்திகளை ஈ ஃபிளாட்டுக்கு இறக்குகிற லீவர். பெடல்களை வரிசைப்படுத்த இரண்டு முறைகள் உண்டு: எம்மன்ஸ் முறையில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி; டே முறையில் சி, பி, ஏ. உங்கள் ஆசிரியர் எந்த முறையில் வாசிக்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நேராக மேலே தூக்குகிற லீவரைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

சரி, இனி சுருதி. இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஆல்-புல் (சுரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் ராடை இழுப்பதாலேயே நடக்கிற) கருவிகள்; இங்கே சொல்வது அவற்றுக்கு. பழைய புஷ்-புல் கருவிகளின் முறை வேறு. லீவர் ஒரு ஷாஃப்டைத் (அச்சுத்தண்டை) திருப்ப, அதிலுள்ள பெல் கிராங்க் என்ற சிறு நெம்புகோல் ராடை (நீளக் கம்பியை) இழுக்க, ராட் சேஞ்சரை (தந்தியின் முனையைப் பிடித்திருக்கும் அசையும் பகுதியை) அசைத்துத் தந்தியின் இழுவிசையை மாற்றுகிறது. ராடின் நுனியில், கருவியின் வலது ஓரத்தில், நைலான் நட் இருக்கும். எதையும் அழுத்தாத தந்தியை எப்போதும் ட்யூனிங் கீயில் சேருங்கள். லீவரை அழுத்தியபோது வரும் சுரத்தை நைலான் நட்டில் சேருங்கள். லீவரை விட்ட நிலையில் ராடில் மிகச் சிறிய தளர்ச்சி இருந்தாக வேண்டும். நட்டை மேலும் மேலும் முறுக்கினால் அந்தத் தளர்ச்சி போய், சேஞ்சர் தன் இடத்துக்குத் திரும்ப முடியாமல் நிற்கும். சுருதி நிற்கவில்லை என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லீவர் அழுத்தி முடிக்கும் முன்பே சுரம் வந்து நின்றாலும், முழுக்க அழுத்தியும் வராமல் போனாலும், நட்டோடு போராடாதீர்கள். லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்துகிற ஸ்டாப் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

நட்டை அளவுக்கு மீறி முறுக்க வைப்பதில் ட்யூனருக்கும் (சுருதியை முள்ளால் காட்டும் சாதனம்) பங்கு உண்டு. எஃப் லீவரில் வரும் சுரத்தை முள் நடுவில் நிற்கும்வரை ஏற்றினால், ஏ பெடலோடு கார்டு கரகரக்கும். ஏ பெடலைச் சேர்த்து மிதித்து, காதால் கேட்டு, கார்டு அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். அப்போது முள் நடுவுக்குக் கணிசமாகக் கீழே நிற்கும். அது சரிதான், பயப்பட வேண்டாம்.

4-வது தந்தியும் 8-வது தந்தியும் ஒரே லீவரில் இருந்தாலும் ஒன்று வெறும் கம்பி, மற்றது சுற்றுக்கம்பி. ஒன்று முன்னால் போய்ச் சேர, மற்றது பின்னால் வரும். இதை நட்டில் தீர்க்க முடியாது. பெல் கிராங்கில் ராடை ஷாஃப்டிலிருந்து தள்ளியுள்ள துளைக்கு மாற்றினால் சுரம் சீக்கிரம் வரும், ஆனால் லீவர் கனக்கும்; நெருங்கிய துளைக்கு மாற்றினால் இதற்கு நேர்மாறு. இதே தந்திகள் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் என்பதால் இறக்கும் பக்கத்து ரிட்டர்ன் ஸ்பிரிங் (சேஞ்சரைத் தன் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது) தளர்ந்திருந்தால் ஏற்றமும் சேர்ந்து கெடும். துளை மாற்றுவதும் ஸ்பிரிங் மாற்றுவதும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பெடலை மிதிக்கும்போது மற்ற தந்திகள் மிகச் சிறிதளவு இறங்குவது கருவியின் உடல் வளைவதால். அது எல்லாக் கருவியிலும் கொஞ்சம் உண்டு. அதற்காக நட்டைத் தொடாதீர்கள்.

தந்தி மாற்றிய பிறகு எல்லாப் பெடலையும் லீவரையும் பலமுறை அழுத்தி விட்டு, தந்தி இழுபட்டு நின்ற பிறகே நட் பக்கம் போங்கள். பழைய தந்தியின் கனத்தையே புதிதிலும் வாங்குங்கள். கனம் மாறினால் எல்லா இழுப்பையும் மறுபடி அமைக்க வேண்டிவரும்.