லேப்டாப் திருடு போனால்: பூட்டும் வேண்டும், நகலும் வேண்டும்

லேப்டாப் தொலைந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே இருந்த ஃபைலை எப்படியாவது எடுத்துவிடலாமா?" என்பது. நகல் வேறெங்கும் இல்லையென்றால் முடியாது. இரண்டாவது கேள்வி ஓரிரு நாள் கழித்துத்தான் வரும்: "அதையெல்லாம் இப்போது யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா?" இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பேக்கப் இருந்தால் ஃபைல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் திருடியவனும் படிக்கலாம். என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவைக் குறியீடாக மாற்றிவைப்பது) இருந்தால் அவனால் படிக்க முடியாது. ஆனால் உங்களுக்கும் திரும்பக் கிடைக்காது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்தவர்கள்தான் அதிகம்.

"பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேனே" என்ற நம்பிக்கை வேண்டாம். விண்டோஸ் பாஸ்வேர்ட் வாசற்கதவுக்கு மட்டுமே பூட்டு. பல லேப்டாப்களில் பின்மூடியைக் கழற்றினால் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி ஒரே ஒரு சின்னத் திருகில் நிற்கும். அதை எடுத்து, கம்ப்யூட்டர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் செருகி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் பென் டிரைவ் போலத் திறந்துகொள்ளும். ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளரின் வருமான வரிக் கணக்கு எல்லாம் அப்படியே தெரியும்.

இதைத் தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன். விண்டோஸ் ப்ரோவில் அதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று இருக்கும். மேக்கில் ஃபைல்வால்ட்.

இப்போதே 'திஸ் பிசி'யைத் திறந்து சி டிரைவின் படத்தைப் பாருங்கள். பூட்டுப் படத்தோடு மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் கவனம் தேவை. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, ஆனால் திறக்கும் சாவியும் பாதுகாப்பில்லாமல் அதே டிஸ்கில் கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது மாதிரி. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் லோக்கல் அக்கவுன்டில் பயன்படுத்தும் லேப்டாப்களில் இது சகஜம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்தாலோ, ப்ரோவில் பிட்லாக்கரை ஆன் செய்து சாவியைச் சேமித்தாலோ முக்கோணம் போய்விடும்.

அப்படிச் சேமிக்கும் சாவிதான் ரெக்கவரி கீ: 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ திடீரென்று அதைக் கேட்கும். இல்லையென்றால் உங்கள் டேட்டா உங்களுக்கே கிடையாது. கம்பெனி சர்வீஸ் சென்டராலும் திறக்க முடியாது. இன்னொரு சிக்கல்: லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டுத் தயார்செய்து கொடுத்திருப்பார், சாவி அந்த அக்கவுன்டுக்குப் போயிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து, கீ உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு தாளில் பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள்.

பயணத்தின்போது மூடியை மட்டும் மடக்கிப் பையில் வைக்காதீர்கள். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பின் நினைவகத்தில் சாவி உயிரோடு இருக்கும். ஷட்டவுன் செய்யுங்கள்.

இனி நகல். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை லேப்டாப் பையிலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். பை போனால் இரண்டும் போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. இன்றும் அதைவிட நல்ல கணக்கு இல்லை. அந்த டிஸ்கும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். ஹோம் பதிப்பில் பிட்லாக்கரால் வெளி டிஸ்கைப் பூட்ட முடியாது. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இருந்தால் கவலையில்லை என்பது பாதிதான் சரி. அவை செய்வது ஒத்திசைவு. ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை: ஒன்டிரைவ் பேக்கப் பொதுவாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை. நம் ஊரில் முக்கியமான ஃபைலை டி டிரைவில் வைப்பதுதான் பழக்கம். அது எதிலும் சேராது. கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரும் அப்படியே. டேலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து வெளி டிஸ்கில் போடுங்கள். அவுட்லுக்கில் பாப் முறையில் இறக்கிய மெயில் சர்வரிலிருந்தே நீங்கியிருக்கலாம். அந்த மெயில்கள் லேப்டாப்பில் இருக்கும் பிஎஸ்டி ஃபைல்தான் ஒரே பிரதி.

விண்டோஸிலேயே உள்ள ஃபைல் ஹிஸ்டரி மணிக்கொரு முறை மாறிய ஃபைலை வெளி டிஸ்கில் சேமிக்கும், பழைய பிரதியையும் வைத்திருக்கும். டி டிரைவ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து லைப்ரரியில் சேர்த்தால்தான் அதையும் எடுக்கும். கிளவுடில் முதல்முறை ஏற்ற நேரமாகும்: 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 100 ஜிபிக்குச் சுமார் 11 மணி நேரம். இரவில் ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஐந்து ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

ஃபோனும் அதே பையில் போனால் ஓடிபி வராது, உங்கள் மெயிலுக்குள் நீங்களே நுழைய முடியாது. கூகுள் அக்கவுன்டில் எட்டு இலக்க பேக்கப் கோடு பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும். அதையும் பிரின்ட் எடுத்து ரெக்கவரி கீயோடு வையுங்கள்.

திருடு போய்விட்டால் முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுள் அக்கவுன்டின் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்த லேப்டாப்பை சைன் அவுட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் நீக்குங்கள். பிரவுசரில் பாஸ்வேர்ட் சேமித்திருந்தால் வங்கி தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். விண்டோஸின் 'ஃபைண்ட் மை டிவைஸ்' முன்பே ஆன் செய்திருந்தால் இடத்தைக் காட்டும், பூட்டும், டேட்டாவை அழிக்காது. ஆடிட்டர்கள் பையில் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் இருந்திருந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் அன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள். பின் நம்பரை டோக்கன் மேலேயே ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

ரயிலில் போனால் 139க்கு அழையுங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று தெரியாவிட்டாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. புகாரில் மாடலோடு சீரியல் நம்பரும் வேண்டும். அது லேப்டாப்பின் அடியில்தான் ஒட்டியிருக்கும். இன்றே கவிழ்த்து ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.