எண் வராமல் போவதையும் கவனியுங்கள்: போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரில் எக்ஸ்போர்ட்டர் அமைப்போருக்கு

ஒரே தரவைப் பல சர்வர்களில் வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் கிளஸ்டருக்கு, அதன் நிலையை எண்களாக எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டர் நிறுவும் வேலை பெரும்பாலும் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சர்வரிலும் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டரை இயக்கி, அந்த எண்களைச் சேகரித்து எச்சரிக்கை விதிகளையும் இயக்கும் புரோமிதியஸில் அதன் 9187 போர்ட்டைச் சேர்த்து, அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவில் ஆயத்தமாகக் கிடைக்கும் டாஷ்போர்டு ஒன்றை ஏற்றிவிட்டால் வரைபடங்கள் ஓடத் தொடங்கிவிடும். அத்துடன் கண்காணிப்பு அமைந்துவிட்டதாகக் கருதும் குழுக்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். கிளஸ்டரில் நேரும் மோசமான கோளாறுகள் பல, ஓர் எண் காணாமல் போவதாகவே வெளிப்படும். நாம் எழுதிவைத்த எச்சரிக்கை விதிகளோ எண் ஏறுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் அனுமதியைப் பார்ப்போம். எக்ஸ்போர்ட்டருக்கு எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. 2017இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 10 முதல் பிஜி_மானிட்டர் என்ற ரோல் (உரிமைத் தொகுப்பு) இதற்கென்றே இருக்கிறது. அந்த ரோலையும் கொடுக்காமல் வெறும் சாதாரணக் கணக்கைக் கொடுத்தால், சர்வர்களுக்கு இடையே தரவு நகலெடுக்கப்படும் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் பட்டியல் பிழை எதையும் காட்டாது. செயல்முறை எண், கணக்கின் பெயர் போன்ற சிலவற்றை மட்டும் தந்துவிட்டு மற்ற விவரங்களை வெறுமையாக விட்டுவிடும். டாஷ்போர்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதை யாரும் பல வாரங்கள் கவனிக்காமலே போகலாம். எக்ஸ்போர்ட்டர் அந்தந்த சர்வரின் தரவுத்தளத்துடன் நேரடியாக இணைய வேண்டும் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், கிடைக்கும் எண் எந்த சர்வருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்தது 'அப்', 'பிஜி_அப்' என்ற இரண்டு அளவைகள். முதலாவது எக்ஸ்போர்ட்டர் பதில் தருகிறதா என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டாவதுதான் தரவுத்தளத்தை அதனால் எட்ட முடிந்ததா என்பதைச் சொல்கிறது. இயல்பு அமைப்பில் போஸ்ட்கிரெஸ் 100 இணைப்புகளை ஏற்கும். அவற்றில் 3 சூப்பர்யூசருக்கானவை. செயலி மற்ற இடங்களை எல்லாம் பிடித்துக்கொண்டால் எக்ஸ்போர்ட்டரும் வாசலிலேயே நின்றுவிடும். இணைப்புகளின் எண்ணிக்கை மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அந்த எண்ணே கிடைக்காது. 'அப்' மட்டும் 1 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பிஜி_அப் 0 ஆனால் அழைக்கும்படி ஒரு விதி கட்டாயம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் 16 பயன்படுத்துவோர், அதில் வந்த ரிசர்வ்ட்_கனெக்‌ஷன்ஸ் அமைப்பின் மூலம் சில இடங்களை ஒதுக்கி, அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை எக்ஸ்போர்ட்டரின் கணக்குக்குக் கொடுத்துவிடலாம்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ரெப்ளிகேஷன் தாமதம், அதாவது முதன்மை சர்வரில் நடக்கும் மாற்றங்கள் அதன் நகலான ரெப்ளிகாவில் வந்துசேர ஆகும் தாமதம். ரெப்ளிகாவில் இயங்கும் எக்ஸ்போர்ட்டர், தனக்கு வந்துசேர்ந்த டபிள்யூ.ஏ.எல் (தரவுத்தள மாற்றங்களின் பதிவேடு) இடமும் தான் செயல்படுத்தி முடித்த இடமும் ஒன்றாக இருந்தால் தாமதம் 0 என்று அறிவிக்கிறது. முதன்மை சர்வரில் எழுத்து வேலை இல்லாத நேரத்தில் வீண் எச்சரிக்கை வராமலிருக்க இந்த ஏற்பாடு அவசியம்தான். ஆனால் இரண்டு சர்வர்களுக்கும் இடையிலான இணைப்பே அறுந்துபோனால் என்ன ஆகும்? ரெப்ளிகா ஏற்கெனவே பெற்றதை முழுவதும் செயல்படுத்தி முடித்துவிடும், புதிதாக எதுவும் வராது, இரண்டு இடங்களும் ஒன்றாகவே நிற்கும். மணிக்கணக்கில் பின்தங்கிய ரெப்ளிகா, தாமதம் 0 என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதன்மை சர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும், அந்த ரெப்ளிகாவுக்குரிய வரி பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனிலிருந்து மறைந்துவிட்டிருக்கும். தாமதம் 30 வினாடியைத் தாண்டினால் அழை என்ற விதிக்கு ஒப்பிட எண்ணே இருக்காது, அதனால் அது அழைக்காது. எத்தனை ரெப்ளிகாக்கள் இணைந்திருக்க வேண்டும் என்பதை எண்ணி, அந்த எண்ணிக்கை குறைந்தாலோ அளவையே வராமல் போனாலோ அழைக்கும் விதிதான் இதற்குச் சரியான மருந்து. முதன்மை சர்வர் விழுந்து ரெப்ளிகா அதன் இடத்தை எடுக்கும் ஃபெயிலோவரில் சர்வர்களின் பொறுப்பு மாறிவிடும் என்பதால், இந்த விதியை சர்வர் பெயரோடு பிணைக்காமல், அந்த நேரத்தில் யார் முதன்மை என்பதைப் பார்த்து இயங்கும்படி எழுத வேண்டும்.

இதே அறுந்த இணைப்பு முதன்மை சர்வரையும் வீழ்த்தக்கூடியது. ஒரு ரெப்ளிகா எதுவரை பெற்றது என்று முதன்மை சர்வரில் குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் பயன்பாட்டில் இருந்தால், ரெப்ளிகா திரும்பி வந்து கேட்கும் என்று டபிள்யூ.ஏ.எல் கோப்புகளை முதன்மை சர்வர் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் தரவுத்தளம் நின்றுவிடும். இதற்கு வரம்பு வைக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இருக்கிறது, ஆனால் நாமாக வைக்காதவரை அது வரம்பற்றதே. செயலற்ற ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையையும் அவை பிடித்துவைத்திருக்கும் அளவையும் கண்காணிப்பில் சேர்த்தாக வேண்டும்.

9187 போர்ட் இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. புரோமிதியஸ் சர்வர் தவிர வேறு எவரும் எட்டாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் அமைத்து முடித்த பிறகு, சோதனைக் கிளஸ்டரில் முதன்மைக்கும் ரெப்ளிகாவுக்கும் இடையிலான போக்குவரத்தை வேண்டுமென்றே தடுத்துவிட்டு, எந்த எச்சரிக்கை, எவ்வளவு நேரத்தில், யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால், உண்மையான பயன்பாட்டில் உள்ள கிளஸ்டரின் விதிகளை அன்றே திருத்திவிடுங்கள்.