டிபெண்டென்சி: சார்பு

லினக்ஸில் மென்பொருள் நிறுவும்போதும் கணினியைப் புதுப்பிக்கும்போதும் அடிக்கடி எதிர்ப்படும் சொல் டிபெண்டென்சி. ஒரு பொதி (பேக்கேஜ்) இயங்குவதற்கு வேறு எந்தப் பொதி இருந்தாக வேண்டுமோ, அது முதல் பொதியின் டிபெண்டென்சி. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 12-இல் இணையத்திலிருந்து கோப்பு இறக்க உதவும் கர்ல் பொதியைப் பாருங்கள். அதற்கு லிப்சி6, லிப்கர்ல்4, இசட்லிப்1ஜி ஆகிய நூலகப் பொதிகள் வேண்டும். லிப்சி6-க்கு ‘இந்தப் பதிப்போ அதற்கு மேலோ’ என்ற நிபந்தனை போதும். லிப்கர்ல்4-க்கோ ‘துல்லியமாக இதே பதிப்பு’ என்ற நிபந்தனை. புதுப்பிப்பு சிக்கிக்கொள்ளும் இடங்களில் இந்த இரண்டாம் வகையை முதலில் சந்தேகிக்கலாம்.

இலத்தீன் மொழியில் ‘தே’ என்றால் கீழ்நோக்கி, ‘பெந்தேரே’ என்றால் தொங்குதல். ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதே டிபெண்ட். பொதிகளை நிறுவும் கருவிகளான டெபியனின் டிபிகேஜி 1994-இலும், இன்னொரு லினக்ஸ் வகையான ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் 1995-இலும் வந்தன. இவை சார்பு இல்லையென்றால் நிறுவ மறுக்கும். தாமாகத் தேடிக் கொண்டுவராது. ஒன்றைத் தேடி நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். ‘டிபெண்டென்சி ஹெல்’ என்ற பெயர் இந்த அவதியால் வந்தது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட், தேடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

தமிழில் இதற்குச் சார்பு என்பதே சரியான சொல். கணிதப் பாடநூலில் ஃபங்ஷனும் சார்புதானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் கணினி அறிவியல் பாடத்தில் ஃபங்ஷனுக்குச் செயற்கூறு என்ற சொல் இருப்பதால் இங்கே மோதல் இல்லை. பேக்கேஜுக்கும் தொகுப்பு என்பதைவிடப் பொதி நல்லது. கம்பைலரைத் தொகுப்பி என்று சொல்லிவிட்டோம்.

ஆனால் ‘சார்புப் பொதி’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். இலக்கணத்தில் சார்பெழுத்து என்பது பிற எழுத்தைச் சார்ந்து வரும் எழுத்து. குற்றியலுகரமும் ஆய்தமும் அப்படிப்பட்டவை. அந்த வழியில் சார்புப் பொதி என்றால் கர்லைத்தான் குறிக்கும், அது நம்பியிருக்கும் லிப்கர்லை அல்ல. திசை அப்படியே மாறிவிடுகிறது. தனித்து நிற்கும் சார்பு என்ற சொல்லுக்கோ பற்றுக்கோடு, துணை என்ற பொருள் உண்டு. ‘மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை’ என்ற குறளில் (449) அது தாங்குவதையே குறிக்கிறது. எனவே ‘கர்லின் சார்பு லிப்கர்ல்’, ‘லிப்கர்லைச் சாரும் பொதி கர்ல்’ என்று எழுதினால் குழப்பம் வராது. இரண்டுக்கும் இடையிலான உறவைச் சார்புநிலை எனலாம்.

இந்தத் திசை வேறுபாடு கட்டளையிலும் உண்டு. ‘ஆப்ட்-கேஷ் டிபெண்ட்ஸ் கர்ல்’ என்றால் கர்லின் சார்புகள் வரும். ‘ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ் லிப்கர்ல்4’ என்றால் அதைச் சாரும் பொதிகள் வரும். எதையாவது நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். அதோடு ‘ஆப்ட்-கெட் -எஸ் ரிமூவ்’ என்று ஒத்திகை ஓட்டி, போகப்போகும் பொதிகளின் பட்டியலைக் கடைசிவரை படியுங்கள். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போன ஒருவரின் கணினியில், நூலகப் பதிப்புகள் பொருந்தாமல் போனதால் திரைச்சூழலே நீங்கியது. எச்சரிக்கை திரையில் வந்திருந்தது. உறுதிப்படுத்துவதற்காக ஆப்ட் கேட்ட வாக்கியத்தை அவர் தட்டச்சு செய்துவிட்டார். அந்த நவம்பரில் வந்த ஆப்ட் 2.3.12 முதல், வாக்கியம் தட்டச்சு செய்து அத்தியாவசியப் பொதிகளை நீக்கும் வழி இல்லை. தனி விருப்பத்தேர்வு கொடுத்தாக வேண்டும்.

நிறுத்திவைத்த, உடைந்த பொதிகள் உள்ளன என்று சொல்லும் ‘ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்’ என்ற செய்தி பலரைத் திசைதிருப்புகிறது. நீங்கள் எதையும் நிறுத்திவைக்காதபோதும் அது வரும். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ கொடுத்து, உண்மையிலேயே எதுவும் நிறுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பட்டியல் வெறுமையானால் ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ கட்டளையோடு சிக்கிய சார்பின் பெயரைக் கொடுங்கள். எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து, அதாவது பொதிகளை வழங்கும் எந்த இணையக் கிடங்கிலிருந்து, வருகிறது என்று காட்டும். அநேகமாக வெளிக் களஞ்சியம் ஒன்று புதிய பதிப்பைத் திணித்திருக்கும். அதை முடக்கி, ‘ஆப்ட் அப்டேட்’ செய்து, சிக்கிய பொதியைக் களஞ்சியப் பதிப்புக்கு இறக்குங்கள். பெயரை அடுத்து சமக்குறியும் பதிப்பெண்ணும் கொடுத்தால் இறங்கும்.

சில பொதிகளைப் புதுப்பிக்காமல் விட்டதாகச் சொல்லும் ‘கெப்ட் பேக்’ என்பது பிழையே அல்ல. ‘ஆப்ட் அப்கிரேடு’ புதிய பொதிகளைச் சேர்க்கும், ஆனால் இருப்பதை நீக்காது. 32 பிட் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலுக்காக டெபியன் 2024-இல் நேர எண்ணை 64 பிட்டாக மாற்றியபோது லிப்கர்ல்4 என்பது லிப்கர்ல்4டி64 ஆனது. பழையதை நீக்கினால்தான் புதியது வர முடியும். அத்தகைய இடத்தில் ‘ஃபுல்-அப்கிரேடு’ வேண்டும். டெபியன் வழிவந்த உபுண்டுவின் 22.04 பதிப்பில், படிப்படியாக வெளியாகும் புதுப்பிப்பும் இதே செய்தியைத் தரும். சில நாள் காத்திருந்தால் தானாக வந்துவிடும்.

தனியாக இறக்கிய டெப் கோப்பை ‘டிபிகேஜி -ஐ’ மூலம் நிறுவினால் சார்புகள் வராமல் பொதி அரைகுறையாக நிற்கும். ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கொடுத்து, கோப்புப் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இடுங்கள். சார்புகளையும் சேர்த்துக் கொண்டுவரும். ஏற்கெனவே அரைகுறையாக நின்றதை ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ சரிசெய்யும்.