மண்ணுக்கு எத்தனை அடி?

கடற்கரையில் அலையை நோக்கி நடந்து பாருங்கள். முதலில் காய்ந்த மணல். கால் புதைகிறது, நடக்கவே மூச்சு வாங்குகிறது. அலை வந்து போய் ஈரம் ஊறிய பகுதியில் அதே மணல் தளம் போட்டதுபோல் கெட்டியாக இருக்கும், சைக்கிள்கூட ஓட்டலாம். இன்னும் நாலு எட்டு வைத்து, தண்ணீர் காலைச் சுற்றும் இடத்தில் நின்றால் குதிகாலுக்கு அடியில் மணல் மறுபடி இளகுகிறது. மூன்று இடத்திலும் மணல் ஒன்றுதான். மாறியது தண்ணீர்.

துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உரசிக்கொண்டிருப்பதால்தான் மணலுக்குப் பலம். லேசான ஈரம் இருந்தால் இடையிலுள்ள நீர்ப்படலம் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் அந்த இழுப்பு போய்விடும். மேலிருந்து வரும் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே வாங்கிக்கொள்வதால் துகள்களின் பிடியும் தளரும். இதை 1920களில் கணக்காக வடித்துக் கொடுத்தவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர்.

இரும்புக்குப் பலம் இவ்வளவு என்று சொல்வதுபோல் மண்ணுக்குச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். பத்து மீட்டர் ஆழத்து மண்ணை வெளியே எடுத்தவுடன் அதன் மேலிருந்த பாரம் போய்விடுகிறது, துகள்களின் அடுக்கு கலைகிறது. களிமண்ணையாவது மெல்லிய குழாயில் பக்குவமாக எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மணலைக் கலையாமல் எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே கருவிதான் மண் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

கட்டட அஸ்திவாரத்துக்காக உலகெங்கும் அதிகம் செய்யப்படுவது எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) என்ற, குழாயை அடித்து இறக்கும் சோதனை. முக்காலி நிறுத்தி, துளை போட்டு, தேவையான ஆழம் வந்ததும் கம்பியின் நுனியில் ஒரு தடித்த குழாயை மாட்டி இறக்குவார்கள். வெளி விட்டம் 5 செ.மீ.; நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து திறக்கலாம். மேலே 63.5 கிலோ சுத்தியல். அதை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட வேண்டும். கம்பியில் சாக்பீஸால் 15 செ.மீ.க்கு ஒரு கோடாக மூன்று கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் இறங்க எத்தனை அடி என்று ஒருவர் எண்ணுவார். 6, 9, 12 என்று வந்தால் விடை 27 இல்லை, 21. முதல் 15 செ.மீ. துளை போட்டதில் கலைந்த மண் என்பதால் அந்த 6 கணக்கில் சேராது. இந்த 21-தான் பொறியாளர்கள் 'N வேல்யூ' என்று சொல்லும் எண். மணலில் 4-க்குக் கீழே வந்தால் மிகவும் தளர்ந்த மண், 10 முதல் 30 வரை நடுத்தரம், 50-ஐத் தாண்டினால் நல்ல இறுக்கம்.

முரட்டு வேலைபோலத் தெரிந்தாலும் இதில் நுணுக்கம் அதிகம். கயிற்றைச் சுழலும் உருளையில் சுற்றி இழுத்து விடும் முறையில் சுத்தியலின் ஆற்றல் முழுதும் கம்பிக்குப் போவதில்லை; உரசலிலேயே ஒரு பங்கு போய்விடும். அதனால் 60 சதவீத ஆற்றலைப் பொது அளவாக வைத்துத் திருத்துகிறார்கள். 45 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது என்றால், எண்ணிய 20 அடி உண்மையில் 15 அடிக்குத்தான் சமம். ஒரு கூழாங்கல் குழாயின் வாயில் சிக்கினால் தளர்ந்த மண்கூடக் கெட்டி மண்ணாகக் கணக்கில் ஏறிவிடும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது தண்ணீர்தான். நிலத்தடி நீருக்குக் கீழே மணலில் துளை போடும்போது, துளைக்குள் நீர்மட்டம் வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்துவிட்டால், சுற்றியுள்ள நீர் அடிவழியாக உள்ளே பாயும். பாயும் வேகத்தில் அடியிலுள்ள மணல் கொதிப்பதுபோலக் கிளம்பித் தளர்ந்துவிடும். அப்புறம் எத்தனை கவனமாக அடித்தாலும், நாம் கெடுத்துவைத்த மண்ணைத்தான் அளக்கிறோம். துளையில் தண்ணீரை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பதுதான் இதற்கு மருந்து. செலவில்லாத இந்தக் காரியம் விட்டுப்போனால் மொத்தச் சோதனையும் வீண்.

நெதர்லாந்தில் 1930களில் உருவான கூம்புச் சோதனையில் அடியே கிடையாது. 10 சதுர செ.மீ. பரப்புள்ள கூம்பை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போவார்கள். எஸ்பிடி இரண்டு சோதனைக்கு நடுவில் தவறவிடும் மெல்லிய களிமண் படுகைகூட இதில் தெரிந்துவிடும். சரளை வந்தால் மட்டும் நின்றுவிடும்.

மிக இளகிய களிமண்ணுக்கு அடியும் ஆகாது. நான்கு இறக்கை கொண்ட தகட்டை உள்ளே இறக்கி, நிமிடத்துக்கு 6 பாகை அளவில் மெதுவாகத் திருகி, மண் அறுபடும்போது வரும் முறுக்கு விசையை அளப்பார்கள். பிறகு தகட்டை வேகமாகப் பல சுற்று சுழற்றிவிட்டு மறுபடி அளப்பார்கள். முதல் அளவுக்கும் இரண்டாவதற்கும் உள்ள விகிதம், கலைந்தால் மண் எவ்வளவு பலம் இழக்கும் என்பதைச் சொல்லும். சில களிமண் கலைந்ததும் கூழாகி ஓடிவிடும். நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978-இல் கொட்டகைக்காகத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்தார்கள். அந்தக் கூடுதல் பாரத்தில் கரை சரியத் தொடங்கி, பண்ணை நிலங்களும் வீடுகளும் ஏரிக்குள் போயின.

சாலையின் கதை வேறு. பாரம் மேலேயே இருக்கிறது, ஆனால் லட்சக்கணக்கான முறை வந்து போகிறது. இங்கே அளவுகோல் சிபிஆர் (கலிஃபோர்னியா பேரிங் ரேஷியோ). 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை மண்ணில் 2.5 மி.மீ. இறக்க எவ்வளவு விசை வேண்டும், அதையே நன்றாக இறுகிய ஜல்லியில் இறக்க எவ்வளவு வேண்டும் என்ற ஒப்பீடுதான் அது. ஜல்லிக்கு 1,370 கிலோ. மண்ணுக்கு 137 கிலோ போதும் என்றால் சிபிஆர் 10 சதவீதம்.

களத்தில் இதைச் சீக்கிரம் கணிக்க உதவுவது டிசிபி (டைனமிக் கோன் பெனட்ரோமீட்டர்) என்ற கருவி. நுனியில் 20 மி.மீ. கூம்பு, மேலே 57.5 செ.மீ. விழும் 8 கிலோ சுத்தியல், பக்கத்தில் ஒரு அளவுகோல். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். ஓர் அடிக்கு 10 மி.மீ. இறங்கினால் பரவலாகப் பயன்படும் சூத்திரப்படி சிபிஆர் சுமார் 22. 20 மி.மீ. இறங்கினால் 10. 50 மி.மீ. என்றால் 4-க்கும் குறைவு. அந்த மண்ணை மாற்றவோ சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தவோ யோசிக்க வேண்டியதுதான். அடிகளையும் ஆழத்தையும் வரைபடமாகப் போட்டால் கோடு எங்கே சட்டென்று சாய்கிறதோ அங்கே மண்ணடுக்கு மாறுகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் சாலையை ஒரே நாளில் இப்படித் தட்டிப் பார்த்துவிடலாம். எளிய கருவிகளில் என் மனதுக்கு மிகப் பிடித்தது இது.

ஆனால் கோடையில் தட்டிப் பார்த்த எண்ணை மழைக்காலத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த நிலையில் ரோலர் ஓட்டிய மண் கல்போல் இருக்கும். உள்ளே காற்றறைகள் மிச்சமிருக்கும். தண்ணீர் புகுந்ததும் அது உட்காரும். சிபிஆர் மாதிரியை ஆய்வகத்தில் 4 நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே அழுத்துவது அதற்காகத்தான். அதே காரணத்தால் பலத்தோடு அடர்த்தியையும் பார்க்கிறார்கள். தளத்தில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை உலர்த்தி எடை போட்டால் 1,800 கிராம் என்று வையுங்கள். அடர்த்தி தெரிந்த உலர் மணலை ஊற்றிக் குழியை நிரப்பினால், உள்ளே போன மணலின் எடையிலிருந்து கொள்ளளவு 1,000 க.செ.மீ. என்று கிடைக்கிறது. ஆக அடர்த்தி 1.8. ஆய்வகத்தில் அந்த மண் எட்டிய உச்சம் 1.9 என்றால், நமக்கு வந்தது 94.7 சதவீதம். ஒப்பந்தம் 97 கேட்டால் சரியான ஈரம் சேர்த்து ரோலரை மறுபடி ஓட்ட வேண்டும்.

கடைசியாகத் தட்டுச் சோதனை. அஸ்திவார மட்டத்தில் இரும்புத் தட்டை வைத்துப் படிப்படியாகப் பாரம் ஏற்றி, எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பார்ப்பது. நேரடியான சோதனை என்பதால் பலர் இதை முழுதாக நம்பிவிடுகிறார்கள். 30 செ.மீ. தட்டின் அழுத்தம் சுமார் 60 செ.மீ. ஆழம் வரைதான் உறைக்கும். 3 மீட்டர் அகல அஸ்திவாரத்தின் அழுத்தமோ 6 மீட்டர் வரை இறங்கும். இரண்டு மீட்டருக்குக் கீழே இளகிய களிமண் படுத்திருந்தால் தட்டுக்கு அது தெரியவே தெரியாது, கட்டடத்துக்குத் தெரியும்.

மண் பரிசோதனை அறிக்கை கையில் வந்தால் தாங்குதிறன் எண்ணுக்கு முன்னால், துளை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நீர்மட்டம் எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்ற இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். தேதி வறண்ட மாதமாக இருந்தால், மழைக்குப் பிறகு நீர் எங்கே நிற்கும் என்று பொறியாளரிடம் கேளுங்கள்.