எங்கள் ஹொக்கி அணி இறங்குமுகமா? முதலில் பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மட்டக்களப்பின் ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒரு தாய் தன் மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற என்னிடம் வந்தார். பதினேழு வயது. பாடசாலை ஹொக்கி அணியின் பின்களத்தில் நான்கு வருடமாக ஆடுகிற பிள்ளை. கதிரையைக் காட்டினேன். "நிக்கிறன் மிஸ்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்று மெல்லப் பின்னுக்கு வளையச் சொன்னேன். பாதிகூட வளையவில்லை, முகம் சுருங்கிவிட்டது. எங்கே வலி என்று கேட்டேன். இடுப்புக்குச் சற்று மேலே, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், ஒற்றை விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். உள்ளங்கையால் தடவிக் காட்டுகிற முதுகுவலி என்றால் நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன். வளருகிற வயதுப் பிள்ளை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"எவ்வளவு காலம்?"

"நாலு மாசம் மிஸ்."

"யாருக்குச் சொன்னாய் மனே?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொன்னா செமி ஃபைனல்ல வெளிய இருத்திடுவாங்க."

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. முள்ளெலும்பின் பின்பகுதியில் அழுத்தத்தால் வந்த வெடிப்பு. இனி மூன்று மாதமாவது விளையாட்டு இல்லை. அதற்குப் பிறகும் படிப்படியாகத்தான். ஒரே அணியிலிருந்து இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது பிள்ளை இவள். முதலில் ஒரு முன்கால் எலும்பு, அப்புறம் ஒரு முழங்கால், அதன் பிறகு இரண்டு முதுகுகள்.

அதே வாரம் அந்தப் பாடசாலையின் பழைய மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரே புலம்பல். வருடா வருடம் கிண்ணம் தூக்கிய அணி, இந்த முறை அரையிறுதியோடு திரும்பிவிட்டது. எங்கள் ஹொக்கி முடிந்துவிட்டதா, இனி இறங்குமுகம்தானா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குக் கீழே வருகிற பதில்களைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இந்த பெட்ச்சுக்கு வெறி இல்லை." "எங்கட காலத்தில வெறுங்காலோட விளையாடினம்." "இப்பத்த பிள்ளைகள் போனும் கையும்."

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இதையேதான் கேட்கிறேன். வெறி குறைந்த பிள்ளை நான்கு மாதம் வலியை மறைத்துக்கொண்டு ஆடமாட்டாள். வெறி இல்லாதவள் ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு வந்து, பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். உங்கள் காலத்தில் நீங்கள் ஒரு வருடத்தில் எத்தனை போட்டி ஆடினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இவள் பாடசாலைக்கு ஆடுகிறாள், வலயத்துக்கு ஆடுகிறாள், மாவட்டத்துக்கு ஆடுகிறாள். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டியில் நானூறு மீற்றர் ஓடுகிறாள். வலைப்பந்துக்கு ஆள் போதாவிட்டால் அதற்கும் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மனவுறுதி கூடியதால்தான் இவள் உடைந்தாள். உங்கள் காலத்திலும் இப்படி உடைந்தவர்கள் இருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் நாரிப் பிடிப்பு என்று இப்போது என்னிடம் வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஹொக்கியின் உடல் வேலையை ஒரு நிமிடம் யோசியுங்கள். ஸ்டிக்கில் வலக்கை, இடக்கை என்று இரண்டு வகை கிடையாது. தட்டையான முகம் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான். ஆகவே இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையும் வலக்கைக்காரரைப்போலவே பிடிக்க வேண்டும். எப்போதும் குனிந்தபடி, எப்போதும் ஒரே பக்கமாக முறுக்கி, அதே நிலையில் ஓடி, அதே நிலையில் அடிக்கிற விளையாட்டு இது. பெனால்டி கோணர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கிற அடி) பயிற்சியில் ஒரே பிள்ளை ஒரு பின்னேரத்தில் நூறு தடவை அந்த முறுக்கலைச் செய்கிறாள். வளர்ந்து முடியாத முள்ளெலும்பு அதை எவ்வளவு நாளுக்குத் தாங்கும்?

சரி, அணி இறங்குமுகமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிண்ணத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. இந்திய ஆண்கள் ஹொக்கியை எடுங்கள். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் தங்கம் தொடர்ச்சியாக. 1960இல் ரோமில் பாகிஸ்தானிடம் இறுதியாட்டத்தில் தோற்றார்கள், 1964இல் திரும்ப வென்றார்கள். 1976இல் மொன்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. இந்தியா ஏழாவது இடம். அங்கேயே எல்லோரும் விழித்திருக்க வேண்டும். ஆனால் 1980இல் மொஸ்கோவில் தங்கம் கிடைத்தது. பாகிஸ்தான், நெதர்லாந்து, மேற்கு ஜேர்மனி, அவுஸ்திரேலியா எதுவும் வராத, ஆறே அணிகள் ஆடிய போட்டி அது. தங்கம் தங்கம்தான். ஆனால் ஆறு வருடம் கழித்து 1986 உலகக் கிண்ணத்தில் பன்னிரண்டு அணிகளில் இந்தியா பன்னிரண்டாவது. 1984இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற பாகிஸ்தான் அதே போட்டியில் பதினோராவது.

அந்தத் தங்கங்கள் கழுத்தில் தொங்கிய நேரத்திலேயே வீழ்ச்சி தொடங்கிவிட்டது. புல்லில் பழகிய கால்களோடும் கைகளோடும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். உலகம் வேறு தரையில், வேறு வேகத்தில், வேறு உடற்தகுதியோடு ஆடத் தொடங்கியிருந்தது. தரையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. அதே செயற்கைத் தரையில் பாகிஸ்தான் 1984இல் ஒலிம்பிக் தங்கமும் 1994இல் உலகக் கிண்ணமும் வென்றது. அதற்குப் பிறகு அவர்களுக்கு உலகக் கிண்ணம் இல்லை. 2016, 2020, 2024 என்று மூன்று ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. இந்தியா ஏழாவது இடத்தில் கண்ட எச்சரிக்கையை முழுதாக உணர்ந்து எழும்ப எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். மொஸ்கோவுக்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் டோக்கியோவில், 2021இல். நாற்பத்தொரு வருடம்.

மறுபக்கம் நெதர்லாந்துப் பெண்கள் அணி. 2004 முதல் 2024 வரை ஆறு ஒலிம்பிக், ஆறிலும் இறுதியாட்டம், நான்கில் தங்கம். இருபது வருடம் ஒரே கால்கள் ஓடுமா? ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அடுத்தவர்கள் எப்போதும் தயாராக இருந்தார்கள்.

எங்கள் பாடசாலை அணிகளில் அந்த அடுத்தவர்கள் எங்கே? நான் போய்ப் பார்த்த ஒரு போட்டியைச் சொல்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற காலம். காலை ஒன்பது மணிக்கே வாய் வறண்டுவிடுகிறது. மைதானத்தின் ஒரு பாதி மணல், மறுபாதி கட்டாந்தரை. ஹொக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே எடுத்தவரையே திரும்ப உள்ளே விடலாம். அந்த விதி வந்து பல வருடமாகிவிட்டது. ஆனாலும் கடைசி விசில் வரை ஆடியது அதே பதினொரு பேர். போட்டி முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்று கைகொடுத்தபோது கால்களைப் பார்த்தேன். பதினொரு சோடி காலுறை செம்மண் நிறம். ஐந்து சோடி வெள்ளை வெளேரென்று, காலையில் மடிப்புப் பிரித்துப் போட்டபடியே இருந்தன. அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அடுத்த வருடம் பிரதான அணியில் ஆட வேண்டியவர்கள். ஒரு நிமிடம்கூட உள்ளே விடவில்லை. அந்தப் போட்டியில் எங்கள் அணி வென்றது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்து அண்ணன்மாரே, அக்காமாரே, அணி எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் பதினைந்து வயதுப் பிரிவின் பயிற்சியை ஒரு நாள் போய்ப் பாருங்கள். அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள்? கோல் காப்பாளரின் கால் காப்பு (பாட்) ஒரு சோடி மட்டும்தானா, அதுவும் பெரிய அக்காவின் அளவா? உயர்தரப் பரீட்சைக்கு மூத்தவர்கள் போகும்போது பின்களத்துக்கு யார் வருவார்கள்? பயிற்றுவிப்பாளருக்கு இடமாற்றம் வந்தால்? கிண்ணங்களுக்கு அலுமாரி செய்ய நீங்கள் சேர்த்த காசில் சின்னவர்களுக்கு ஸ்டிக்கும், முன்கால் காப்பும், பல் காப்பும் வாங்கியிருக்கலாம். (பல் காப்பு இல்லாமல் எந்தப் பிள்ளையும் மைதானத்தில் இறங்கக்கூடாது. முன்பல் உடைந்த பிள்ளையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.)

பயிற்றுவிப்பாளர்களுக்கு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நாரிவலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்தி அனுப்புங்கள். "சனிக்கிழமை மட்டும் ஆடட்டும் மிஸ்" என்று எனக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள், என் பதில் மாறாது. முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளை ஒன்பது மாதத்துக்கு முன்னர் போட்டி ஆடக்கூடாது. ஆறாம் மாதம் நன்றாக ஓடுகிறாள் என்பது எனக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. போட்டிக்கு முன்னர் வலி மாத்திரை கொடுப்பதை இன்றோடு விடுங்கள். இந்த வெயிலில், தண்ணீர் குறைந்த உடம்பில், அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். வலியை மறைத்து மயிரிழை வெடிப்பை முழு உடைவாக்கவும் செய்யும். கொழும்பில் செயற்கைத் தரையில் போட்டி என்றால், இரவு முழுக்க பஸ்ஸில் குந்த வைத்துக் கூட்டிப்போய் விடிய நேரே இறக்காதீர்கள். ஒரு நாள் முந்திப் போங்கள், அந்தத் தரையில் மெல்ல ஓடவிடுங்கள்.

என் தொழில் செய்பவர்களுக்கும் ஒன்று. விளையாடுகிற பிள்ளையின் முதுகுவலிக்கு 'தசைப்பிடிப்பு' என்று எழுதி, எக்ஸ்ரே சுத்தம் என்று அனுப்பிவிடாதீர்கள். ஆரம்ப வெடிப்பு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது.

அம்மாமாரிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் அனுப்ப வேண்டாம். இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பாணும் போதும். மகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் "ஓடுறவளுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படியான பிள்ளைகளின் எலும்புதான் முதலில் வெடிக்கும். எப்போதும் களைப்பு என்று சொன்னால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். அப்புறம், வலியைச் சொன்னால் ஏசமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என் மேசைக்கு முன்னால் அந்தத் தாய் அழுததற்குக் காரணம் வெடிப்பு இல்லை. நான்கு மாதம் பக்கத்தில் படுத்த பிள்ளை தனக்கும் சொல்லவில்லையே என்பதுதான்.

அவள் போகும்போது ஸ்டிக்கைத் தொடவே கூடாதா என்று கேட்டாள். குனியாமல், ஓடாமல், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தப் பழக்கலாம் என்றேன். சனிக்கிழமை காலை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்கப் போகிறாளாம். அடுத்த தவணை தொடங்க முன்னர் நானும் அந்த மைதானத்துக்கு வருகிறேன் என்று பயிற்றுவிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, குந்த வைத்து, முதுகையும் முழங்காலையும் பார்த்துத் தருவேன், காசு வேண்டாம். வெள்ளைக் காலுறைக்காரர்களையும் கட்டாயம் கூப்பிடச் சொன்னேன். மற்றப் பாடசாலைகளும் கேட்டால் வருவேன். செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் எனக்கு நேரம் இருக்கிறது.