மின்சார சரக்கு வண்டி: வாங்குமுன் உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

சிறு சரக்கு வாகனங்களுக்கான பணிமனை நடத்துகிறேன். மின்சார வண்டிக்கு மாறலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்கள், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இப்போதைய வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று நான் கேட்டால், பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் புரோவை எடுத்துக்கொள்வோம். அறிமுக ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், மின்சாரத்துக்கு 6.50 லட்சம். இரண்டரை லட்சம் கூடுதல். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லோடுடன் லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் செலவு. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றாலும் ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த பணத்தை மீட்க 62,000 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். தினமும் 80 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் இரண்டரை ஆண்டு சொச்சம். தினமும் 30 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு ஏழு ஆண்டு ஆகிவிடும், கடன் வட்டி தனி.

குறைவாக ஓடுகிறவர்களுக்குத்தான் மின்சார வண்டி என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. அதை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

இந்த வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். விளம்பரம் சொல்லும் 155 கி.மீ. சோதனை முறைப்படி அளந்தது. முழு லோடு, மேம்பாலம், நெரிசல் எல்லாம் சேர்ந்தால் 100 கி.மீ. என்றே திட்டமிடச் சொல்வேன். அதுவும் லோடு அளவோடு இருந்தால்தான். அனுமதித்த எடை 750 கிலோ. தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன் 35 ஏற்றினாலே அந்த எல்லை நெருங்கிவிடும். பழைய குட்டியானையில் 50 கேன் அடுக்கிப் பழகியவர்கள் இதிலும் அடுக்குகிறார்கள். பாதி வழியில் சார்ஜ் முள் சரிவதும், டயர் சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் விட்டு ஊர் திடீர் வாடகை பிடிப்பவர்கள் இப்போதைக்கு டீசலிலேயே இருக்கலாம். கடைக்குக் கடை சரக்குப் போட்டுவிட்டு இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு மின்சாரம்தான் சரி. பெர்மிட் தேவையில்லை என்பது கூடுதல் வசதி. 2018-லேயே மத்திய அரசு அந்த விலக்கை அளித்துவிட்டது.

சார்ஜ் போடும் இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக முழு மின்சாரம் ஓடும். கருகிய பிளக்குகளைப் பணிமனைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். வண்டி வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, வயரிங்கை மாற்றிய பிறகே மறுபடி சார்ஜ் போடுங்கள்.