பல்கலைக்கழகமும் 'தைககு', படிப்பை விடுவதும் 'தைககு'

ஜப்பானிய மொழியில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல். படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறுவதற்கு இன்னொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'தைககு'தான். பல்கலைக்கழகம் என்றால், 'பந்தை' என்பதில் வரும் தை. படிப்பை விடுவது என்றால், 'தைத்தான்' என்பதில் வரும் தை.

இந்த இரண்டு ஒலியும் நம் வாயில் தினமும் வருகின்றன. 'பந்தை' சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள்: த-வுக்காக நாக்கு பல்லில் முட்டி நிற்கும் அந்தக் கணத்திலும் அதிர்வு இருக்கும். 'பத்து' சொல்லும்போது அதே இடத்தில் அதிர்வு அறுந்துவிடும். ஆனால் எது எங்கே வரும் என்பதைத் தமிழில் இடமே முடிவுசெய்துவிடுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் அதிர்வில்லாத ஒலி, மெல்லினத்துக்குப் பின் அதிரும் ஒலி. ('பஸ்', 'பயம்' போன்ற இரவல் சொற்கள் விதிவிலக்கு.) பொருள் மாறாததால் மூளை இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிவிட்டது.

இந்தப் பழக்கம் முதல் பிறந்தநாளுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. காது மந்தமாகிவிடவில்லை, கவனம்தான் இடம் மாறிவிட்டது. அதனால்தான் பெரியவர்களாலும் அதை மீட்க முடிகிறது.

தமிழரின் பிழை எங்கே விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வங்கிக்கு ஜப்பானியச் சொல் 'கின்கோ'. முதல் க அதிர வேண்டும், 'ன்'னுக்குப் பின் வரும் க அதிரக் கூடாது. நம் பழக்கம் இரண்டையும் தலைகீழாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய பொறி இரட்டிப்பு. சொல்லின் நடுவில் ஒலி குழையாமலிருக்க 'டிக்கெட்', 'பக்கெட்' என ஒற்றுப் போட்டு எழுதுவது நம் வழக்கம். ஜப்பானியத்தில் ஒற்று வந்தால் சொல்லே வேறு: 'ஒதொ' என்றால் ஓசை, 'ஒத்தொ' என்றால் கணவர். ஒற்றின் நீளத்தைக் கேட்டறிவது, படு, பட்டு என்று வளர்ந்த நமக்கு எளிது. இரட்டிக்காமலும் அதிராமலும் ஒரு வல்லினத்தைச் சொல்வதுதான் சிரமம். அதற்கு 'வெட்கம்' உதவும். அதில் வரும் க-வைத் தனியே எடுத்துப் பழகுங்கள். சொல் முதலில் அதிரும் க வேண்டுமென்றால் 'அங்கே' என்று சொல்லி, 'ங்'கை நீட்டி, முன்னாலிருக்கும் 'அ'வை விட்டுவிடுங்கள். பிறகு 'ங்'கையும் படிப்படியாகக் குறையுங்கள்.

ஆனால் வாய்க்கு முன் காதைப் பழக்க வேண்டும். ஆங்கில ர, ல ஒலிகளைப் பிரித்தறியாத ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சி தந்து பார்த்தார்கள். 1991இல் வந்த அந்த ஆய்வில் 5 பேரின் குரல்கள், 15 அமர்வுகள். சரியான விடை சுமார் 78 விழுக்காட்டிலிருந்து 86க்கு உயர்ந்தது. பல குரல்கள் என்பது இங்கே முக்கியம். ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டால் மூளை அந்தக் குரலின் சாயலை மனப்பாடம் செய்துகொள்ளும், ஒலியைக் கற்காது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் பத்து இணைச் சொற்கள், ஆணும் பெண்ணுமாக நான்கைந்து குரல்கள், நாளுக்கு 20 நிமிடம். கேட்டதும் விடை சொல்லுங்கள், சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். தமிழில் எழுதிவைத்துப் படிக்கவே வேண்டாம். ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்துகளை முதல் வாரமே கற்றுவிடுங்கள். அதில் அதிரும் ஒலிக்கு எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் இருக்கும், இரட்டிப்புக்கு ஒரு குட்டி 'த்சு' எழுத்து. தமிழ் எழுத்து மறைப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

உச்சரிப்பைச் சோதிக்க ஜப்பானியர் ஒருவரிடம் "நான் சொன்னது சரியா?" என்று கேட்காதீர்கள். இரண்டு சொல் பேசினாலே "ஜோசு" (அருமை) என்று பாராட்டுவது அங்குள்ள மரியாதை. பிழையை முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டப் பலரும் தயங்குவார்கள். இரண்டு சீட்டுகளில் இரண்டு சொற்களையும் எழுதி அவர் முன் வைத்து, ஒன்றைச் சொல்லி, கேட்டது எதுவோ அதைத் தொடச் சொல்லுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை நீங்கள் நினைத்த சீட்டையே தொட்டால் அடுத்த இணைக்குப் போகலாம்.